கால்நடைத் தீவனம்

நாலாம் குறுக்குத் தெருவில்
லொறி பின்னெடுக்கும் சத்தத்துக்கு நடுவே
கவ்பி நாற்பது கிலோ நிறுத்தேன்.
சோளம் இருபது. பயறு பத்து.
பில்லில் என்ன போட என்று கேட்டால்
கால்நடைத் தீவனம் என்று போடச் சொல்வார்
சோசாப்பிள்ளை ஐயா.
போட்டேன்.
ஆறு புரட்டாசி, ஆறு பில்.

பம்பலப்பிட்டியில் ஏழாம் மாடி வீடு அவருக்கு.
ஒரு ஆட்டுக்குட்டி கட்டவும் இடமில்லை.
காணி இருப்பது புத்தளத்துக்கு அப்பால்,
கம்பிவேலி முடிந்து காடு தொடங்குகிற இடத்தில்,
பதினோரு ஏக்கர்.
அறுவடைக்கு ஆள் இருக்கிறதா என்றேன்.
"விதைக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சிது தம்பி.
வெட்ட அவங்க வருவாங்க."

நல்ல மனிதர் என்றுதான் முதலில் நினைத்தேன்,
காய்ந்த காட்டுக்குச் சோறு போடுகிறவர்.

பிளேன்டீ வரும்வரை
மேசைக் கண்ணாடித் தூசியில் விரலால் காணி வரைவார்.
சதுரமாய் விதைத்தால் வராது,
வெட்டவெளி அதற்குப் பயம்;
முருங்கைக்காய் போல ஒடுக்கமாய், வளைத்து.
ஓரத்துக் காரைப் பற்றையில் கைவைக்காதே.
மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு.
எல்லாவற்றையும் ஒரே நாளில் தூவாதே,
பதினைந்து நாள் விட்டு விட்டுத் தூவு,
தளிர் தீரவே கூடாது.
வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும்,
ஆகவே பரண் தென்மேற்கில்.
முதல் வருடம் ஒன்றையும் தொடாதே.
"பழகட்டும்."
வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகளைப் பற்றிச்
சொல்வதுபோல் அதைச் சொல்வார்.

பக்கத்துக் கடையில் வாங்கிய இரும்பு ஏணியையும்
நைலோன் கயிற்றையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து
நாட்டாமி சந்திரபோஸ்
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டான்:
"மாட்டுக்கு எதுக்குண்ணே பரண்?"
நான் பில்புத்தகத்தில் கார்பன் தாளை மாற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுகளில்
பரணில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.
கவண்கல் எறிந்து விரட்டினார்கள்.
விளைந்த தினை அவர்களுக்கு வேண்டியிருந்தது.
எங்கள் கடையில் தினை
கூண்டுக் குருவிகளுக்குக் கால் கிலோ, அரைக் கிலோவாய்ப் போகிறது.
பரண் இன்னும் இருக்கிறது.
அதில் இருப்பவர் மூச்சையும் அடக்கிக்கொள்கிறார்.

போன வருடம் ஃபோனைத் திருப்பிக் காட்டினார்.
மரத்தில் கட்டிய கமெரா எடுத்தது.
இரவு இரண்டு பதினான்கு.
சாம்பல் நிறத்தில் ஒரு பெண்மான்,
கண் இரண்டும் வெள்ளைப் பொட்டு,
கடைவாயில் தொங்கும் கவ்பிக் கொடி.
நான் நிறுத்த கவ்பி.
தராசு நேரானதற்குப் பிறகும்
ஒரு பிடி கூடப் போட்டது ஞாபகம் வந்தது.
நல்ல வாடிக்கைக்கு அப்படித்தான்.
"இதை விட்டிருவேன்," என்றார்.
"கொம்பு உள்ளதுதான் நமக்கு."
சட்டம் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
பில்லுக்குத்தான் தெரியாது.

இந்தப் புரட்டாசி அவர் வரவில்லை.
எடுத்து வைத்த மூட்டையில் அவர் பெயர்
மார்க்கர் பேனையில் மங்கிக்கொண்டிருந்தது.
ஃபோனை எடுத்தது மகள்.
டடாவுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது,
காணி சும்மா கிடக்கிறது,
என்ன விதை, எந்தக் கடை என்று கேட்டாள்.
ஒன்றுமில்லை மிஸ், என்று வைத்துவிட்டேன்.
வண்டு விழுமுன் சில்லறையாக விற்கச் சொன்னார் முதலாளி.

இன்று பிற்பகல்
துறைமுகப் பக்கம் இருட்டி, மழை.
சாக்குகளை உள்ளே இழுக்கிறோம்.
அங்கேயும் பெய்யும்.
பழகியவை இறங்கி வரும்.
முருங்கைக்காயாய் வளைந்த வெறும் மண்ணில்
நின்று, முகர்ந்து,
போன வருடத்து இடத்தில் இன்னொரு தரம் முகரும்.
தென்மேற்கே நனைந்த ஏணி.
அவை தப்பித்தனவா
ஏமாந்தனவா,
எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

கடை பூட்டும் நேரத்தில்
வீட்டுக்கென்று அரைக் கிலோ கவ்பி கேட்டான் சந்திரபோஸ்.
பெயர் எழுதிய மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்தேன்.
தராசு நேரானது.
கை, பழக்கத்தில்,
ஒரு பிடி கூடப் போட்டது.